வெந்நீருக்கு ஹீட் பம்ப்: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

வேளச்சேரி, மூன்றாம் மாடி

போன கார்த்திகையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு பிளாக்குக்கு மட்டும் சோதனையாக மொட்டைமாடியில் ஹீட் பம்ப் வைத்தது, அதாவது காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம். பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே தொட்டி. கீசரைவிடக் குறைந்த மின்சாரத்தில் வெந்நீர் கிடைக்கும் என்றுதான் வைத்தார்கள். ஒரு விடியற்காலை மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மார்கழி. அப்பாவுக்கு 81 வயது. நாலரை மணிக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார். வெந்நீர்க் குழாயைத் திறந்து, அதன் கீழே உள்ளங்கையை நீட்டியபடி நின்றிருக்கிறார். வாளி பாதி நிறைந்தும் சூடு வரவில்லை. 2019-இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர் அவர். அந்தப் பாதி வாளியைக் கீழே கொட்ட மனம் வராமல் அப்படியே மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். வெளியே வந்தபோது கீழுதடு நடுங்கியது. “வரும் வரும் என்று பார்த்தேன்பா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மயிலாப்பூர்

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. எனக்கு நேர்ந்தது இங்கே அல்ல, நியூகாசிலில். பிரிட்டனில் வீட்டைச் சூடாக்க 742 வீடுகளில் ஹீட் பம்ப் வைத்துச் சோதித்தார்களே, என் மகள் குடியிருந்த வீடும் அதில் ஒன்று. பேறுகாலத்துக்கு உதவியாகப் போயிருந்தேன்.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அதை அணைத்துவிட்டேன். ஆள் தூங்கும்போது எதற்கு ஓட வேண்டும் என்ற நம் ஊர்ப் பழக்கம். காலையில் மறுபடி போட்டேன். அறையைச் சூடாக்க உள்ளே வெந்நீர் ஓடும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரர் நெற்றி அளவுக்குத்தான் சூடு. கேஸ் பாய்லர் 60, 70 டிகிரியில் தண்ணீர் அனுப்பும், இது 45 டிகிரி வாக்கில் நாள் முழுக்க மெதுவாக அனுப்பும், அணைத்தால் வீடு மறுபடி சூடேற அரை நாள் பிடிக்கும் என்று மகள் பிறகுதான் சொன்னாள். பிறந்து ஒன்பது நாளான குழந்தையின் பாதம் என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்றும் கையில் இருக்கிறது. அணைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அண்ணா நகர்

வேளச்சேரி நண்பரே, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் அது இயந்திரத்தின் குற்றம் அல்ல, குழாயின் குற்றம். என் வீட்டில் 200 லிட்டர் தொட்டி இரண்டு ஆண்டுகளாகக் குறையில்லாமல் ஓடுகிறது.

சங்கத்தில் இதைச் சொல்லுங்கள். மாடியிலிருந்து மூன்றாம் தளம் வரை குழாயில் நிற்கும் தண்ணீர் இரவில் ஆறிவிடுகிறது. அது முழுவதும் வெளியே வந்தால்தான் சூடு வரும். ஆறிய நீர் தொட்டிக்கே திரும்ப ஒரு தனிக் குழாயும் சிறிய பம்பும் போடச் சொல்லுங்கள். காலை நான்கு மணிக்கு அதை ஓட்ட டைமர் வையுங்கள். வெந்நீர்க் குழாய் முழுவதற்கும் நுரை உறை சுற்றுங்கள், வெயில் படும் இடத்தில் அதன் மேல் தகடு போடுங்கள். கிருமி சேராதிருக்க வாரம் ஒருமுறையாவது தொட்டி 60 டிகிரியைத் தொட வேண்டும். போர்வெல் தண்ணீர் என்றால் உப்புப் படிவதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இயந்திரத்தை மூடிய அறையில் வைத்தால் தான் குளிர்வித்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும்.

கணக்கும் சொல்கிறேன். 100 லிட்டரை 25-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்றக் கீசருக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் வேண்டும். இது காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக் கொடுப்பதால் 1.2 யூனிட்டில் முடித்துவிடும். சென்னையில் மார்கழி விடியலில்கூட 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நியூகாசில் குளிரிலேயே ஓடுகிற இயந்திரத்துக்கு நம் ஊர்க் காற்று விருந்து. ஒரு நாள் அனுபவத்தை வைத்து வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள்.

திருவான்மியூர்

வேண்டாம் என்று அவர் எங்கே சொன்னார்? அப்பா நடுங்கியதைச் சொன்னார்.

இயந்திரத்தில் குற்றமே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம். இரண்டாம் ஆண்டு, சூடு குறைகிறதே என்று பின்பக்க மூடியைக் கழற்றினேன். அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் விபூதி மாதிரி உதிர்ந்து ஒட்டிக்கொண்டது. வெப்பத்தைச் சுமந்தபடி உள்ளே சுற்றும் 410ஏ என்ற வாயு பெரும்பாலும் கசிந்து போயிருந்தது. அது ஒரு கிலோ கசிந்தால் சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். கரியமில வாயுவைக் குறைக்கத்தானே இதை வாங்கினோம்? உப்புக்காற்றுக்கு மேற்பூச்சு உள்ள தகடுகள் வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

வேளச்சேரி, மூன்றாம் மாடி

அண்ணா நகர் நண்பருக்கு நன்றி. திரும்பு குழாயும் டைமரும் பங்குனியில் போட்டுவிட்டார்கள். அதற்குள் குளிர் போய்விட்டது. அப்பா அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்க் குழாயைத்தான் திறக்கிறார். வெந்நீர் உடனே வருகிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், “இருக்கட்டும்பா” என்கிறார்.

இந்த மார்கழியில் நாலேகாலுக்கு நான் எழுந்துகொள்வேன். முதல் வாளியை நானே பிடித்து வைப்பேன்.

மயிலாப்பூர் அம்மா, பேரன் நன்றாக இருக்கிறானா?