நடந்துபோய்த் தங்க, பாரம் குறைந்த கூடாரம் கிடைக்குமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. நானும் தம்பியும் ஆகஸ்டில் பொத்துவிலில் இறங்கி, பாணமை வழியாக உகந்தமலை வரை நடக்கப் போகிறோம். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களின் வழிதான். வாகனத்தில் போய்ப் பாசிக்குடாக் கடற்கரையில் கூடாரம் அடிப்பதென்றால் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. எங்களிடம் இருக்கிற கூடாரம் 5 கிலோ. அந்த வெயிலில் ஒருவருக்கு 4 லீற்றர் தண்ணீராவது வேண்டும், அதுவே 4 கிலோ. இரண்டையும் தோளில் சுமக்க ஏலாது.

இரண்டு பேர் படுக்க, 2 கிலோ அளவில் ஒரு கூடாரம் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா? மற்றது, அங்கே யானை நடமாட்டம் உண்டு என்பதால் வெளியில் எங்கும் படுக்காமல் உகந்தமலை முருகன் கோயில் வளவில் தங்க விருப்பம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பாணமைக்கு அப்பால் குடிக்கிற தண்ணீர் எங்கே எடுக்கலாம்? நடந்து போனவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.