தனியாக விட்டால் நாய் கதவைப் பிறாண்டி ஊளையிடுகிறது: கூண்டா, துணைக்கு இன்னொரு நாயா?

மழைக்குருவி:
தத்தெடுத்த பெண் நாய், 2 வயது. ஆள் இருக்கும்வரை படு சமர்த்து. வெளியே கிளம்பிய பத்து நிமிஷத்துக்குள் ஊளை ஆரம்பம். வாசல் கதவின் அடிப்பகுதி முழுக்கப் பிறாண்டல், தரையெல்லாம் எச்சில், அங்கேயே சிறுநீர். மற்ற நேரத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாது. கிளம்பும்போது கொடுக்கும் டென்டல் ஸ்டிக்கை (பல் சுத்தத்துக்கான மெல்லும் தீனி) தொடுவதில்லை. ஆள் திரும்பி வந்ததும்தான் கடிக்கிறது. கூண்டில் விடலாமா, துணைக்கு இன்னொரு நாய் வளர்க்கலாமா?

வால்நட்சத்திரம்:
இரண்டும் வேண்டாம். ஸ்டிக்கைத் தொடாததுதான் இங்கே பெரிய துப்பு. போரடிக்கிற நாய் முதலில் அதைத் தின்று தீர்த்துவிட்டு அப்புறம் செருப்பைத் தேடும். பயந்துபோன நாய்க்குத் தீனி இறங்காது. சேதமெல்லாம் நீங்கள் வெளியேறிய கதவிலேயே இருப்பதும் பயத்தைத்தான் காட்டுகிறது. தனியாக விட்டால் வரும் இந்தப் பயத்துக்குப் பெயர் பிரிவுப் பதற்றம். இந்த நிலையில் கூண்டில் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல் உடையும், நகம் பிய்யும். அவள் ஏங்குவது மனிதருக்காக, அதனால் இன்னொரு நாய் வந்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது.

முதல் வேலை, ஒரு பழைய போனை கேமராவாக வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். ஊளைக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே கொட்டாவி, உதட்டை நக்குவது, மூச்சிரைப்பு, கதவருகே அசையாமல் நிற்பது என்று ஏதாவது வரும். அது எத்தனையாவது நொடியில் வருகிறது? 40 என்றால் பயிற்சியை 20க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி, செருப்பு, பை மூன்றும் அவளுக்கு அபாயமணி. சாவியை எடுத்து மறுபடி சோபாவில் உட்காருங்கள். காது நிமிராத அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டால் கதவைத் திறந்து மூடுவது, பிறகு வெளியே போய் வருவது. நொடிக்கணக்கு 5, 15, 8, 20, 3, 12 என்று கலைந்து இருக்கட்டும். ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட மோசம் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் நடுவே உடம்பு தளரும்வரை ஓரிரு நிமிஷம் விடுங்கள். ஒரு நாளைக்கு 20–30 நிமிஷம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் லீவு. அறிகுறி தெரிந்தால் மறுநாள் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

பதற்றத்தின் உச்சம் பெரும்பாலும் முதல் 40 நிமிஷத்துக்குள் வந்துவிடும். அதை அமைதியாகத் தாண்டிவிட்டால் ஐந்து ஐந்து நிமிஷமாகவும், பிறகு கால் மணி நேரமாகவும் கூட்டலாம்.

மழைக்குருவி:
வேலைக்குப் போகும் நாட்களில் என்ன செய்வது? பல மணி நேரம் ஆகிறதே.

வால்நட்சத்திரம்:
பலருடைய பயிற்சி கெடுவதே அங்கேதான். காலையில் 20 நொடி பழக்கிவிட்டு மதியம் நான்கு மணி நேரம் விட்டால் காலையில் செய்தது வீண். பயிற்சி நடக்கும் வாரங்களில், சில நாய்களுக்கு மாதங்களில், தனியாக விடவே கூடாது. கூட இருப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உறவினர், பக்கத்து வீட்டார், நாய்க் காப்பகம், யாராக இருந்தாலும் பெரும்பாலான நாய்களுக்குப் போதும். மூடிய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூடு சீக்கிரம் ஏறிவிடும். திரும்பி வந்து சேதத்தைப் பார்த்துத் திட்டுவதும் வேண்டாம். எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது, உங்கள் வருகையும் பயமாகிவிடும்.

பச்சைத்தவளை:
பொம்மைக்குள் தீனி அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்குமே, இவ்வளவு பாடு எதற்கு?

வால்நட்சத்திரம்:
லேசான கேஸுக்கு உதவும். இந்த நாய் தீனியையே தொடவில்லை என்பதை மறக்க வேண்டாம். கிளம்பும்போது மட்டும் கொடுத்தால் அந்தப் பொம்மையே இன்னொரு சாவிக்கொத்து ஆகிவிடும். கொடுப்பதானால் நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் கொடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் அடைக்கிறவர்கள் லேபிளில் சைலிடால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

வெட்_நிலா:
பயிற்சிக்கு முன் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். வயதான நாயில் திடீரென்று இது தொடங்கினால் வலி, மூளைத் தளர்ச்சி இரண்டையும் பார்க்க வேண்டும்.

சில நொடிகூடத் தாங்காத நாய்க்கு மருந்தைக் கடைசிவரை தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பீதியில் இருக்கும் மூளை எதையும் கற்காது. பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்ற மருந்துகளில் குளோமிப்ரமின் (1998), ஃப்ளூவாக்ஸெட்டின் (2007) இரண்டும் உண்டு. இரண்டில் எது என்றாலும் தினமும் கொடுக்க வேண்டும். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. அமிட்ராஸ் கலந்த உண்ணிப் பட்டை கழுத்தில் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த மருந்துகளோடு அது சேரக் கூடாது. அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உடம்பு துவண்டு நாய் அமைதியாகத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

பச்சைத்தவளை:
பூனைக்கும் இப்படி வருமா?

வெட்_நிலா:
வரும். உங்கள் படுக்கையில் சிறுநீர், அளவுக்கு மீறி உடம்பை நக்கி முடி உதிர்ப்பது போன்றவை அறிகுறி. ஆனால் ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அது அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.