அம்ரிதா ஷேர்-கில்: உள்ளே இருந்து வரைந்தாரா, வெளியே நின்று பார்த்தாரா?

கரிக்கோல்

1937இல் அம்ரிதா ஷேர்-கில் வரைந்த 'கதைசொல்லி' 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அன்றிலிருந்து அவர் பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவிவிட்டது. நவீன இந்திய ஓவியமே அவரிடம்தான் தொடங்குகிறது என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீத்தியா நிலக்கிழார் குடும்பத்தவர். அம்மா ஹங்கேரியப் பாடகி. பாரிஸில் படித்து, 'இளம் பெண்கள்' ஓவியத்துக்காக 20 வயதில் அங்கேயே தங்கப் பதக்கம் வாங்கினார். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். இங்கே என்ன வரையப் போகிறேன் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஏழை இந்தியர்களின் வாழ்வை வரைய வேண்டுமாம். எல்லையற்ற பணிவும் பொறுமையும் கொண்ட அந்த மௌன உருவங்களைத் தீட்ட வேண்டுமாம். அழகின்மையிலும் விசித்திரமாக அழகு காட்டும் அவர்களுடைய எலும்பு துருத்திய பழுப்பு உடல்களைக் காட்ட வேண்டுமாம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று தைக்கவில்லையா? ஏழையின் பணிவு யாருக்கு அழகாகத் தெரியும்? அந்தப் பணிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருப்பவருக்குத்தான். 1935இன் 'மலைப் பெண்கள்', 'மலை ஆண்கள்' இரண்டையும் பாருங்கள். நீண்ட உடல்கள், தாழ்ந்த இமைகள், சோகம். ஒருவரும் எதையும் தூக்கவில்லை, வெட்டவில்லை, சுமக்கவில்லை. சிம்லா மலையில் சுமை தூக்காத ஏழையை அவர் எங்கே கண்டார்?

பொன்வண்டு

கரிக்கோல் ஐயா, ஓவியர் எழுதிய நான்கு வரியை வைத்து அவருடைய ஓவியங்கள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். வந்த புதிதில் தன் எண்ணத்தை அப்படி எழுதினார். எழுத்தில் அவருக்கு ஆவேசம் அதிகம். ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீசுக்கும் பிராக்குக்கும் இன்னும் பலருக்கும் சொந்தம், இந்தியா எனக்கு மட்டுமே சொந்தம் என்று எழுதியவரும் இவர்தான். அந்த வாசகத்தையும் நீங்கள் கொண்டுவரப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

அதே 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்' ஓவியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? பம்பாய் ஓவியச் சங்கத்தின் தங்கப் பதக்கம் 1937இல் அதற்குத்தான் கிடைத்தது. அந்த மூவரும் மலைக் கூலிகள் அல்லர். அமிர்தசரஸில் இருந்த அவருடைய சொந்தக்காரப் பெண்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய கண்களும் தாழ்ந்தே இருக்கின்றன. பின்னால் வீடு இல்லை, சன்னல் இல்லை, வெறும் நிறம்தான். மூவரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. வரப்போகும் கல்யாணம் தங்களைக் கேட்டு வராது என்பது அந்த முகங்களில் இருக்கிறது. அவர் வரைந்த சோகம் ஏழைக்கு மட்டும் ஒட்டவைத்த சோகம் என்றால், தன் உறவுப் பெண்களுக்கு ஏன் அதே முகத்தைக் கொடுத்தார்?

இன்னொன்று. சிம்லாவின் மேட்டுக்குடி ஓவியச் சங்கம் 1935இல் அவர் அனுப்பிய படங்களில் பாதியைத் திருப்பியனுப்பிவிட்டு ஒன்றுக்குப் பரிசு கொடுத்தது. அந்தப் பரிசை அவர் திருப்பிக் கொடுத்தார். அந்த மாளிகைக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவரின் செயலா இது?

கரிக்கோல்

பரிசைத் திருப்பிக் கொடுக்கப் பின்னால் ஒரு சொத்து வேண்டும், பொன்வண்டு அவர்களே. கல்கத்தாவில் ஜாமினி ராய், நடுத்தர வீட்டுச் சுவரிலும் தன் படம் தொங்க வேண்டும் என்று குறைந்த விலைக்கு வரைந்து விற்றுக்கொண்டிருந்தார். அந்தத் துணிச்சலைப் பற்றி 61 கோடி ஏலச் செய்திகள் பேசுவதில்லை.

அஜந்தாவைக் கண்டெடுத்து நவீன ஓவியத்துக்குக் கொடுத்தவரே ஷேர்-கில்தான் என்பது போலச் சில கட்டுரைகள் சொல்கின்றன. அவர் அஜந்தா போனது 1936இன் இறுதியில். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1909இலேயே அங்கே போய், பிரிட்டிஷ் ஓவியர் கிறிஸ்டியானா ஹெரிங்காமின் குழுவோடு சுவரோவியங்களைப் படியெடுத்தவர். ஐரோப்பியப் பாணியை விட்டு இந்திய மரபைத் தேடிய வங்காள ஓவியப் பள்ளி இந்திய ஓவியத்தைத் தேங்க வைத்துவிட்டது என்று ஷேர்-கில் சாடினார். ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து வந்த நந்தலால்தான் 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். மேளம் அடிப்பவர், தச்சர், மாவரைக்கும் பெண், வேட்டைக்காரர். மண் நிறம், சுழலும் கோடு, எல்லா உடலிலும் வேலை. அவை கிராம மக்கள் நடந்துபோகும் பந்தலிலேயே மாட்டப்பட்டன.

அதே மரபில் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கையைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். மெரினாவில் பாறையை நெம்பும் அந்த நான்கு ஆண்களின் முதுகைப் பாருங்கள். உழைப்பாளி என்றால் அது. ஷேர்-கில் ஓவியத்தில் ஏழை காத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நாகர்கோவில் ஓவிய ஆசிரியர்

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வரலாறு உங்கள் இருவருக்கும் என்னைவிட நன்றாகத் தெரிகிறது. படத்தின் மேற்பரப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் அதன் பக்கம் போகவில்லை.

அந்தப் பயணத்தில் அவர் எங்கள் பக்கமும் வந்தார். அஜந்தா, எல்லோராவைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று சுற்றினார். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் அவரை ஆட்டிப் படைத்துவிட்டன. சிம்லா திரும்பி 1937இல் மூன்று பெரிய ஓவியங்கள் வரைந்தார்: 'மணமகளின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'.

'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தை டெல்லி தேசிய நவீன ஓவியக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். திறந்த மார்பும் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து இளைஞர்கள். முதலில் கண்ணுக்குப் படுவது வேட்டிகளின் வெள்ளை. அருகில் போனால் அது ஒரே வெள்ளை இல்லை, ஒவ்வொரு மடிப்பும் பக்கத்தில் இருக்கும் தோலின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறது. பிறகு தோலைப் பாருங்கள். ஐந்து உடலுக்கும் ஐந்து நிறம்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று வண்ணம் குழைத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் படித்த ஐரோப்பிய முறையில் வெளுத்த தோல்தான் அடிப்படை. கறுத்த தோல் வேண்டுமா, அதில் பழுப்பைக் கலந்து இருட்டாக்கு என்பார்கள். முடிவில் உடல் அழுக்காகத் தெரியும், வெளிச்சம் படாத இடம் போலத் தெரியும். பாரிஸில் அந்த முறையைக் கரைத்துக் குடித்தவர், இங்கே வந்து அதை விட்டுவிட்டார். நிழல் காட்டி உருட்டுவதைக் குறைத்து, கறுப்புத் தோலைத் தனி நிறமாகவே பரப்பினார். அதில் சிவப்பு இருக்கிறது, காவி இருக்கிறது. அஜந்தாவில் கரிய உடல்கள் வெளுத்த உடல்களுக்குச் சமமாக ஒளிர்வதைப் பார்த்த கண்ணுக்கு மட்டுமே அது வரும். என் மாணவர்கள் தங்களை வரையச் சொன்னால் இளஞ்சிவப்பு வண்ணத்தைத்தான் எடுப்பார்கள். நான் அந்த மூன்று ஓவியங்களின் அச்சுப் படங்களைக் காட்டித்தான் அதை மாற்றினேன்.

கரிக்கோல் கேட்கும் அசைவு அங்கே இல்லை என்பது உண்மைதான். சுவரோவியத்தின் அமைதி அது. அவர் தேடிப் போனதும் அதைத்தான்.

கரிக்கோல்

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொன்ன வண்ண நுட்பத்தை நான் மறுக்கவில்லை, எப்போதும் மறுத்ததும் இல்லை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் முதல் ஓவியத்தை மறுபடி பாருங்கள். 'மணமகளின் அலங்காரம்': நடுவில் உட்கார்ந்திருக்கும் மணமகள் வெளுத்த நிறம். அவளுக்குப் பணிவிடை செய்பவர்கள் கறுத்தவர்கள். எந்த நிறம் நடுவில் உட்காரும், எந்த நிறம் தலைவாரிவிடும் என்பதை அந்தக் கித்தான் நமக்குத் திருப்பிச் சொல்கிறது. கறுப்பைச் செழிப்பாகப் பூசியதால் அந்த வரிசை மாறிவிடுமா?

சில வாரங்கள் தெற்கே சுற்றிவிட்டு, சிம்லாவில் உட்கார்ந்து நம்மை வரைந்தார். பசிபிக் தீவான தாஹிட்டிக்குப் போய் அங்கத்துப் பெண்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் கோகானையும், வெளியே நின்று பார்த்தவர்தானே என்று இதே கேள்விதான் கேட்கிறோம்.

வடலி

நடுவில் வருகிறேன். அவருடைய காதல்கள், 28 வயதில் லாகூரில் நேர்ந்த திடீர் மரணம், கணவர் விக்டர் ஏகன்மீது தாய் சுமத்திய பழி இவற்றைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? நேரு எழுதிய கடிதங்களைக்கூடப் பெற்றோர் எரித்துவிட்டார்களே. வாழ்க்கையை விட்டுவிட்டு ஓவியத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?

பொன்வண்டு

வடலி, 1941 டிசம்பர் 5 அன்று, லாகூரில் அவருடைய கண்காட்சி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது இறந்தார். காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. ஆண் ஓவியர் ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற படங்களை எண்ணுகிறார்கள், இவர் விஷயத்தில் காதலர்களை எண்ணுகிறார்கள். நான் அதில் சேர மாட்டேன்.

கோகான் பற்றிக் கரிக்கோல் சொன்னதற்கு வருகிறேன், அது முக்கியமான கேள்வி. அந்தக் கேள்வியை நாம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே, இந்தியா திரும்பிய அதே 1934இல், ஷேர்-கில் தானே கேட்டுவிட்டார். 'தாஹிட்டியப் பெண்ணாகத் தன்னுருவம்' என்ற ஓவியம் அது. கோகான் வரைந்த தீவுப் பெண்ணின் இடத்தில், இடுப்புக்கு மேல் ஆடையின்றித் தன்னையே நிறுத்தினார். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. பார்க்கப்படுகிறவளாக இருப்பது எப்படி இருக்கும் என்று தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். பாரிஸில் அவர் கீழை நாட்டுக்காரி, இங்கே வெள்ளைக்காரி. இரண்டு இடத்திலும் அவரை உற்றுப் பார்த்தார்கள். கோகானுக்கு அந்த அனுபவம் கிடையாது.

மணமகள் ஓவியத்தில் நிற வரிசை இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறதுதான், ஏனென்றால் அந்த வீடுகளில் அது இருந்தது. ரவி வர்மாவின் படத்தில் அந்த வரிசை சுகமாக இருக்கும். இங்கே மணமகளின் முகத்தில் சுகம் இல்லை. மைசூர் மகாராஜா இவருடைய படங்களை விட்டு ரவி வர்மாவைத் தேர்ந்தெடுத்தார். ஹைதராபாத்தின் சாலார் ஜங் நவாப் பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பினார். தங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒன்றை இந்த ஓவியங்கள் சொல்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கரிக்கோல்

அது உங்கள் ஊகம். வாங்காமல் போனதற்கு ரசனைக் குறைவே போதுமான காரணம்.

1938இல் திருமணத்துக்குப் பிறகு கோரக்பூர் பக்கத்து சராயாவில் வாழ்ந்தார். சித்தப்பா குடும்பத்தின் பண்ணையும் சர்க்கரை ஆலையும் இருந்த ஊர். கரும்பு வெட்டும் கை, ஆலையில் நிற்கும் கை எல்லாம் கண்முன்னே இருந்தன. அவருடைய பெயர்பெற்ற ஓவியங்கள் எதிலும் நான் அந்தக் கைகளைக் காணவில்லை. யானைகள் குளிக்கின்றன, பெண்கள் ஊஞ்சலில் இருக்கிறார்கள், ஒருத்தி கட்டிலில் படுத்திருக்கிறாள்.

பொன்வண்டு

அந்தக் கட்டிலைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1940இன் 'கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்'. சிவப்பு உடையில் ஒருத்தி படுத்திருக்கிறாள், பக்கத்தில் விசிறிக்கொண்டு இன்னொருத்தி. 1935இன் நீண்ட சோக உடல்கள் இதில் இல்லை. பஹாரி (இமயமலை அடிவாரப் பாணி), ராஜபுத்திரச் சிற்றோவியங்களிலிருந்து எடுத்த சின்னச் சின்ன உருவங்கள், கொதிக்கும் சிவப்பு. அந்தச் சிற்றோவியங்களில் கட்டிலில் கிடக்கும் நாயகி காதலனுக்காகக் காத்திருப்பாள், அவன் வந்தும் விடுவான். இவளுக்கு யாரும் வரப்போவதில்லை. பகல் முழுவதும் இப்படியே கழியப் போகிறது. நிலக்கிழார் வீட்டுப் பெண்ணின் முடங்கிய பகல்பொழுதை அதற்கு முன்னால் இந்திய ஓவியத்தில் யார் வரைந்தார்கள்? நந்தலால் வரையவில்லை, ஜாமினி ராயும் வரையவில்லை. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சலித்த ஒரு பெண்ணால்தான் அது முடிந்தது.

வெளியாள் என்று நீங்கள் சொல்வது 1935க்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். 1940க்குப் பொருந்தாது. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நடந்தவர், 28 வயதில் போய்விட்டார்.

நாகர்கோவில் ஓவிய ஆசிரியர்

வேலை செய்யும் கை கேட்டீர்களே, அதே 1940இல் 'மஞ்சள் அரைப்பவர்கள்' இருக்கிறது. மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து அரைக்கிறார்கள். மஞ்சளின் நிறத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கரிக்கோல்

பார்த்திருக்கிறேன். அரைப்பவர்கள் நிற வட்டங்களாகத்தான் எனக்குத் தெரிகிறார்கள், ஆட்களாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை அவர் அறிந்திருந்தார் என்பதில் சண்டை இல்லை. ஏழையை அறிந்திருந்தார் என்பதில்தான் எனக்குச் சண்டை, அதில் என்னை யாரும் இன்னும் அசைக்கவில்லை.

1976இல் அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்தது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளியே விற்பனைக்கு வருபவை மிகக் குறைவு, அதனால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் பெயர் இன்னும் பெரிதாகிறது. ஹரிபுரா படங்கள் பலவும் ஷேர்-கில் ஓவியங்கள் பலவும் டெல்லியில் ஒரே கூடத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சுவரில் மாட்டட்டும், வருகிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

பொன்வண்டு

மாட்டட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் ஹரிபுரா 1938 என்றால், பக்கத்தில் 1938க்குப் பிந்தைய ஷேர்-கில்லை மாட்ட வேண்டும். பாரிஸிலிருந்து இறங்கிய முதல் ஆண்டில் 22 வயதில் வரைந்த படத்தை, 55 வயதில் நந்தலால் வரைந்ததற்குப் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.