விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்: புத்தகத்தில் படித்த விற்பனை உத்தியால் மனசு உறுத்தியவர்கள் உண்டா?

கடைசிபெஞ்ச்

எல்லாரும் படித்த உத்திதான். விலையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும், அடுத்து யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர்தான் இறங்கி வருவார். 2016-இல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆன புதிதில் அந்தப் பக்கத்தை மடக்கி வைத்து மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த சார் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. "வருஷம் 48,000 சார், பத்து வருஷம் கட்டினா போதும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது. சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. சார் பாரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, வட்டி எவ்வளவு நிற்கும் என்று மனதிலேயே போட்டுப் பார்த்திருப்பார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஏம்ப்பா, இந்த மாசம் உனக்கு டார்கெட் முடியலையா?" என்றார்.

நான் அப்போதும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம் (இப்போது 30 நாள்). எனக்குத் தெரியும், சொல்லவில்லை. மறுவருடம் மகள் பிரசவச் செலவு வந்தது, அவரால் கட்ட முடியவில்லை. அந்த வகைப் பாலிசியில் அப்போது மூன்று வருடமாவது கட்டாமல் விட்டால் ஒன்றும் திரும்பி வராது. 48,000 போனது போனதுதான். அந்தக் குக்கர் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

மஞ்சள்பை

எனக்கு வேறு மாதிரி. வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் வேலை. வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், யாருக்கும் அவரவர் பெயர்தான் இனிமையான சத்தம் என்று மேனேஜர் தினமும் காலையில் சொல்வார். அது டேல் கார்னகி என்ற எழுத்தாளர் 1936-இல் அமெரிக்காவில் ஒரு புத்தகத்தில் எழுதியது. நம் ஊரில் வயதானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, தனியாக மிக்ஸி பார்க்க வந்தார். போன் நம்பரைப் போட்டதும் திரையில் பெயர் வந்தது. அப்படியே சொல்லி, பின்னால் "அம்மா" சேர்த்துக் கூப்பிட்டேன். ஜாரின் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட எங்க ஊர்ல இப்ப ஆளே இல்லப்பா" என்றார். கோபமா, ஏக்கமா, எனக்குப் புரியவே இல்லை. மூடியைச் சரியாகப் போட்டு வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து "பாட்டி", "அக்கா", "அண்ணே"தான். மேனேஜர் திட்டினாலும் சரி.

நாலாம்நம்பர்

கடைசிபெஞ்ச், பழியைப் புத்தகத்தின் மேல் போடாதீர்கள். நான் பம்ப்செட் விற்பவன். "இது கடைசி பீஸ் அண்ணே" என்று ஒரு விவசாயியிடம் சொன்ன அரைமணி நேரத்தில் லோடு ஆட்டோ வந்து அதே மாடலில் ஆறு பெட்டி இறக்கியது. அவர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவமானம்தான், ஆனால் அது என் பொய். எந்தப் புத்தகமும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை.

இந்த உத்திகளைப் பற்றி உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி எழுதிய புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. 1984-இல் வந்தது. அவர் ஏறக்குறைய மூன்று வருடம், யாரென்று காட்டிக்கொள்ளாமல் விற்பனைப் பயிற்சிகளில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து எழுதியது. ஒவ்வொரு உத்தியையும் விளக்கிவிட்டு, அதற்கு மடங்காமல் தப்புவது எப்படி என்றும் சொல்கிறார். வாங்குகிறவனுக்காக எழுதியதை நாம் விற்கிறவனாகப் படிக்கிறோம், அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகிறோம்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், புதிதாக ஏஜென்ட் ஆகிறவர்கள் செய்ய வேண்டியது இது. பாலிசியைக் கொடுக்கும்போதே, எந்தத் தேதி வரை திருப்பலாம் என்று கவர் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள். பத்துப் பேரில் ஒருவர் திருப்பினால் திருப்பட்டும், மீதி ஒன்பது பேர் தங்கள் மச்சானை அனுப்புவார்கள். இரண்டாம் வருடப் பணம் எங்கிருந்து வரும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வரத் தயங்கினால் தொகையைப் பாதியாக்குங்கள். வீட்டில் இன்னொருவர் இல்லாதபோது கையெழுத்து வாங்காதீர்கள். "இன்றோடு முடிகிறது" என்று இல்லாத அவசரத்தைக் காட்டாதீர்கள். ஆன்லைன் கடைகள் காட்டும் பொய் அவசரத்தையே 2023-இல் மத்திய அரசு ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்துத் தடை செய்துவிட்டது. நேரில் உட்கார்ந்து செய்கிற நாம் மட்டும் யோக்கியமா? அப்புறம், அந்த சாரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முதல் வருடக் கமிஷனையாவது.

ஈரக்காற்று

நாலாம்நம்பர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தப்புவது எப்படி என்ற பகுதியையும் படித்தவன் நான். விமான நிலையத்தில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் கையில் பூவைத் திணித்துவிட்டு நன்கொடை கேட்ட கதை உட்பட எல்லாம் தெரியும்.

மனை பார்க்க இலவச வேன் விட்டார்கள். வெயிலில் கல் நட்ட பொட்டல். பந்தலில் சாப்பாடு. மனை விற்க வந்த தம்பி தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் அப்பாவுக்கு ரசம் ஊற்றி, கை கழுவச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அப்பா காதருகில், "பூவும் இதுவும் ஒண்ணுதாம்ப்பா, வேணாம்" என்றேன். "அந்தப் புள்ள கையால சாப்பிட்டுட்டு எப்படிடா வெறுங்கையோட எந்திரிக்கிறது?" என்றார். 10,000 அட்வான்ஸை என் பர்சிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். தெரிந்துகொண்டே கொடுத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவனுக்கு எந்தப் பக்கத்தைப் படித்தும் அந்த இடத்தில் வாய் வராது. அந்தத் தம்பிக்கும் இது தெரியும், அதுதான் எனக்கு ஆறவில்லை.

மஞ்சள்பை

அந்தத் தம்பி ஒருவேளை உண்மையாகவே அன்பாக ஊற்றியிருந்தால்?

ஈரக்காற்று

அதையும் யோசித்துவிட்டேன். அடுத்த வரிசையில் இருந்த பெரியவருக்கும் அதே மாதிரி, அதே சொம்பில்தான் கொடுத்தான்.

கடைசிபெஞ்ச்

நாலாம்நம்பர், தேதி எழுதிக் கொடுப்பதை நாலு வருடமாகச் செய்கிறேன். கமிஷன் பணத்தைக் கவரில் போட்டு சார் வீட்டுக்கும் போனேன். வாங்கவில்லை, "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே கையைப் பிடித்துப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்தார். பாயசம் ஊற்ற வந்த பையனிடம் என் இலையைக் காட்டி, "இவனுக்கு இன்னொரு கரண்டி விடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டார்கெட்டெல்லாம் இப்ப முடிஞ்சிருதாப்பா?" என்று கேட்டார்.