இடுப்பில் செயற்கை டிஸ்க் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் சொந்தங்களே, எங்களுக்குப் பாம்பன். அண்ணன் விசைப்படகுத் தொழிலாளி, வயது 42. எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகெலும்பின் அடியில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) தேய்ந்து சப்பையாகிவிட்டது என்று வந்திருக்கிறது. கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுக்க முடியாமல் கால் விரலால்தான் தூக்குகிறார். மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று.

மதுரையில் ஒரு டாக்டர், ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், செயற்கை டிஸ்க் வைத்தால் அந்த இடத்தில் அசைவு இருக்கும் என்கிறார். அமெரிக்காவில் 2004-லேயே அனுமதி கிடைத்த முறைதான். ஆனால் வயிற்றுப் பக்கம் திறந்து, பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து மதினிக்குத் தூக்கமில்லை. எலும்பு பலவீனமாக இருந்தாலோ, முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்திருந்தாலோ இது சரிவராதாம். அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கப் போகிறோம்.

இதைச் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: மறுபடி வலை இழுக்க, ஐஸ் பெட்டி தூக்க முடிகிறதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டிஸ்க்கின் விலையும் சேர்ந்ததா, தனியாகக் கட்டினீர்களா? கழுத்து ஆபரேஷன் அனுபவம் வேண்டாம், அது வேறு கதை. அப்புறம், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் முழுக்கப் படுத்துதான் கிடந்தார்.