மறு: தாய்ப்பலகையின் இயல்புக்கு ‘எதிரது தழுவல்’ என்னும் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கணினி கட்டுவோருக்கான நம் வழிகாட்டியில், பிற்காலத்தில் வரும் செயலியையும் (processor) ஏற்கவல்ல தாய்ப்பலகையின் (motherboard) இயல்பைக் குறிக்க ‘மேம்படுத்துதிறன்’ என்ற சொல் சென்ற மடலில் முன்வைக்கப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேம்படுத்துபவர் பயனர்; ஆகவே திறனும் அவருடையது என்றே அச்சொல் பொருள்படும். மேலும், கணினியைத் தொடங்கிவைக்கும் பலகை மென்பொருளான பயாஸுக்குப் புதிய பதிப்பை ஏற்றுவது, இன்னொரு ரேம் வாங்கிச் செருகுவது, செயலியையே மாற்றுவது ஆகிய மூன்றையும் ‘மேம்படுத்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறோம். முதலாவதற்கு ‘இற்றைப்படுத்தல்’ நன்றாகவே நிலைத்துவிட்டது. இரண்டாவது வெறும் விரிவாக்கம். மூன்றாவதற்குப் பலகை இடம் கொடுக்குமா என்பதே வாங்குபவர் கடையில் நின்று கேட்கும் கேள்வி. பெயரில்லாமல் நிற்பதும் அதுதான்.

இவ்வியல்பு, செயலி உட்காரும் சாக்கெட்டின் வடிவத்தால் மட்டும் அமைவதன்று. இன்டெல் 2015-இல் கொண்டுவந்த எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகள் இயங்கின. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகள்தாம்; ஆனால் மின்சாரம் செல்லும் முனைகளின் ஒதுக்கீடு மாறியிருந்ததால், 300 வரிசைச் சில்லுத்தொகுதி (chipset) கொண்ட புதிய பலகை தேவைப்பட்டது. பழைய பலகையில் செயலி பொருந்தி உட்கார்ந்தாலும் கணினி எழாது.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நேர்மாறு. 2017-இல் முதல் ரைசன் செயலிகளுக்காக விற்கப்பட்ட பி350 பலகைகளில் பல, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியையும் பயாஸை இற்றைப்படுத்திய பின் ஏற்றுக்கொண்டன. அதுவும் தானாக நடந்துவிடவில்லை. ரைசன் 5000 செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கமாட்டா என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தது. பயாஸ் சில்லில் இடம் போதாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காலப் பலகைகள் பலவற்றில் அச்சில்லின் கொள்ளளவு 16 எம்பிதான். பயனர்கள் கொதித்தெழவே அதே மாதத்தில் முடிவு மாறியது. புதிய செயலிகளுக்கு இடம் தேடி, பழைய செயலிகள் சிலவற்றைக் கைவிட்ட பயாஸ் பதிப்புகளும் உண்டு. சாக்கெட், சில்லுத்தொகுதி, பயாஸ் சில்லின் கொள்ளளவு, செயலிக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் பகுதியின் வலு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவனத்தின் மனம் ஆகியவை ஒன்றுகூடினால்தான் இவ்வியல்பு வாய்க்கிறது. ஆதலால் ‘திறன்’ என்று முடியும் எந்தச் சொல்லையும் நான் தவிர்க்க விரும்புகிறேன்.

நம் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு சொல்லாட்சி இருக்கிறது. சொல்லாத இன்னொன்றையும் உணர்த்தும் ‘உம்’ எச்சவும்மை எனப்படும். ‘சாத்தனும் வந்தான்’ என்ற தொடரில், கொற்றன் முன்பே வந்திருந்தால் அவ்வும்மை இறந்தது தழுவிய எச்சவும்மை. கொற்றன் இனிமேல்தான் வரவேண்டுமென்றால் அது எதிரது தழுவிய எச்சவும்மை. இன்னும் வராத ஒன்றை இப்போதே தன்னுள் அணைத்துக்கொண்டு நிற்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தென்படவில்லை. எனவே ‘எதிரது தழுவல்’ என்பது என் முன்மொழிவு.

‘எதிர்தழுவல்’ என்று சுருக்கலாமே என்று கேட்கக்கூடும். ‘எதிர்காலம்’ ஒற்று மிகாமல் வருங்காலத்தைச் சுட்டுகிறது. ‘எதிர்க்கட்சி’ ஒற்று மிகுந்து முரணைச் சுட்டுகிறது. அவசரத்தில் தட்டச்சுபவர் ‘எதிர்த்தழுவல்’ என்று ஓர் ஒற்றைச் சேர்த்துவிட்டால் பொருளே தலைகீழாகும். ‘எதிரது’ என்று முழுதாக எழுதினால் அந்த இடர் இல்லை.

இதற்கு இணையான மறுசொல்லும் வேண்டும். கிராபிக்ஸ் அட்டை போன்றவற்றைச் செருகும் பிசிஐஇ செருகுவாயில் இரண்டு இயல்புகளையும் ஒருசேரக் காணலாம்: 4.0 செருகுவாய் பழைய 3.0 அட்டையையும் ஏற்கும், 5.0 அட்டையையும் தன் வேகத்துக்குள் இயக்கும். பழையதை ஏற்பதற்கு இலக்கணப்படி ‘இறந்தது தழுவல்’ என்றே சொல்லலாம். ஆனால் இன்றைய வாசகருக்கு அச்சொல் சாவை நினைவூட்டும் என்பதால் ‘முன்னது தழுவல்’ போதுமென நினைக்கிறேன். ரேமில் இவ்விரண்டுமே இல்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள் இருந்தாலும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் செல்லாது.

காலியாக இருக்கும் ரேம் செருகுவாய்களையும், சேமிப்பட்டை செருகும் எம்.2 இடங்களையும் இச்சொல்லுக்குள் இழுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவை விரிவாக்கத்துக்குரியவை. நான்கு ரேம் இடம் உள்ள பலகைதான் வருங்காலத்துக்கு உகந்தது என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் பலர். டிடிஆர்5-இல் நான்கையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்க நேர்கிறது, எனவே கொள்ளளவு மிகுந்த இரண்டே நல்லது. பல பலகைகளில் ஓர் எம்.2 இடத்தை நிரப்பியதும் வன்தட்டு போன்றவற்றுக்கான சாட்டா இணைப்புகள் சில செயலிழப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சொற்பட்டியலுக்கு நான் எழுதும் விளக்கம் இது. ‘எதிரது தழுவல்: தாய்ப்பலகையொன்று, தான் விற்பனைக்கு வந்த பின்னர் வெளியாகும் செயலிகளை, பயாஸை இற்றைப்படுத்துவதைத் தவிர வேறு மாற்றமின்றி ஏற்கும் இயல்பு.’ ஆட்சிக்கு: ‘ஏஎம்5 சாக்கெட்டின் எதிரது தழுவல் 2027-க்கு அப்பாலும் தொடரும் என்று ஏஎம்டி கூறியுள்ளது, எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் எதிரது தழுவலோ பதினான்காம் தலைமுறையோடு முடிந்து, 2024 அக்டோபரில் வந்த செயலிகள் எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டன.’

வழிகாட்டியில் இச்சொல் வரும் இடத்திலேயே ஒரு குறிப்பும் சேர்க்கவேண்டும். பழைய பயாஸ் உள்ள பலகையில் புதிய செயலியைப் பொருத்தினால் கணினி எழாது. எழாத கணினியில் பயாஸை வழக்கமான முறையில் இற்றைப்படுத்தவும் இயலாது. செயலி இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ளும் பொத்தான் பலகையில் உள்ளதா என்று வாங்குமுன் பார்க்கச் சொல்லவேண்டும். அப்பொத்தானுக்கும் தமிழ்ப்பெயர் இல்லை. அதை வேறொரு மடலிழையில் வைத்துக்கொள்ளலாம். ‘எதிரது தழுவல்’ பற்றி மாற்றுக் கருத்துடையோர், தாங்கள் முன்வைக்கும் சொல்லை மேலுள்ள ஆட்சித்தொடரில் பொருத்திக் காட்டி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.