மறு: பவுண்டா, இறாத்தலா?

> ஆங்கிலத்தில் 'pound' எனப்படும் நிறை அலகுக்குப் 'பவுண்டு' என்றே எழுதிவிடலாமா? எல்லோருக்கும் விளங்கும்.

தம்பி, விளங்கும், ஆனால் வேறு பொருளில் விளங்கிவிடும். மட்டக்களப்பில் 'ஐந்து பவுண்' என்றால் காப்போ தாலிக்கொடியோதான் கண்முன் வரும். அது பவுணுக்கு 8 கிராம் கணக்கு. பிரித்தானியக் காசும் பவுண்தான். அதே ஒலியை 454 கிராமுக்கும் வைத்தால் படிக்கிற பிள்ளை எதைப் பிடிக்கும்?

அந்த 454 கிராம் நிறைக்கு 'இறாத்தல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் காலையில் நின்று பாருங்கள். பள்ளியில் கிலோ மட்டுமே படித்த பிள்ளையும், காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "ஒரு றாத்தல் பாண் தாங்க" என்றுதான் கேட்கிறது. அந்தப் பாணுக்குக் குறித்த நிறை 450 கிராம். சரியான இறாத்தல் 453.59237 கிராம், அமெரிக்கா, பிரித்தானியா உட்பட ஆறு நாடுகள் 1959இல் ஒத்துக்கொண்ட அளவு. ஆகவே பாணை எடுத்துக்காட்டாகப் போட்டால் 'ஏறத்தாழ' என்றும் போடவேண்டும்.

இது தமிழ்ச் சொல்லில்லையே என்று அக்கா கேட்டிருந்தார். உண்மைதான், வேர் அரபு 'ரத்ல்'. போர்த்துக்கீசர் வாயில் 'அராத்தெல்'. ஆனால் முன்னால் ஓர் இகரம் சேர்ந்து நம் கடைத்தெருவில் ஊறிய சொல் அது. அகராதிக்குள் மட்டும் கிடக்கப்போகிற ஒரு புதுச்சொல்லுக்காக அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

புதுச்சொல் வேண்டியது பொன், வெள்ளி நிறுக்கும் துரோய் அளவுக்குத்தான். அதில் 12 அவுன்ஸ், 373.24 கிராம், சாதாரண இறாத்தலில் 16 அவுன்ஸ். இதற்குப் 'பொன்னிறாத்தல்' என்று முன்மொழிகிறேன். ஒரு பொன்னிறாத்தல் 46½ பவுணுக்குச் சற்றுக் கூட. இதையே உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள்: 'ஒரு பவுண்டு 46½ பவுண்'. யாருக்கு விளங்கும்? அவுன்ஸும் இரண்டு வகை: சாதாரணம் 28.35 கிராம், பொன்னுக்கு 31.1.

விசைக்கு 'இறாத்தல் விசை' போதும், 4.448 நியூட்டன். டயர் காற்றழுத்தம் 'சதுர அங்குலத்துக்கு இறாத்தல் விசை' ஆகும்.

அப்புறம், மாற்றுக் கணக்கையும் பதிவில் சேர்ப்போம். கிலோவை இரட்டித்து, வந்ததில் பத்திலொன்றைக் கூட்டினால் இறாத்தல். 50 கிலோ நெல் மூட்டை 100, அதோடு 10, மொத்தம் 110, துல்லியமாக 110.23. அந்தர் என்பது 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. உர மூட்டையை அந்தர் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவேண்டும்.

இறாத்தல், பொன்னிறாத்தல், இறாத்தல் விசை என்ற மூன்று சொல்லையும் நம் சொற்பட்டியலில் ஏற்றட்டுமா? பொன் அவுன்ஸுக்கு என்ன வைக்கலாம் என்று அக்கா சொல்லுங்கள்.